எங்கள் தெருவில் மகளிர் குழுவை மறுபடி தொடங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஓங்கூர்க்கரை (சனி, இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நான் ஒரகடத்தில் வேலை பார்க்கிறேன், வாரக் கடைசியில் ஊருக்குப் போவேன். எங்கள் தெருவில் முப்பத்தைந்து வீடு. ஆண்கள் பாதிப் பேர் கட்டட வேலை, மீதிப் பேர் விவசாயக் கூலி.

அம்மா 2003-இல் இருந்து ஒரு சுய உதவிக் குழுவில் இருந்தார். பதினாறு பேர். பதினோரு வருடம் நன்றாகத்தான் ஓடியது. என் பாலிடெக்னிக் முதல் வருடக் கட்டணம் அந்தக் குழுவில் எடுத்த கடன்தான். ஊக்குநராக, அதாவது குழுவை முன்நின்று நடத்துபவராக இருந்த அக்கா குடும்பத்தோடு திருப்பூர் போனதும் எல்லாம் நின்றுவிட்டது. பேரேடு எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கையில் இருந்ததைப் பிரித்துக்கொண்டு கலைந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் குறுங்கடன் கம்பெனிகளின் வாரக் கடன். செவ்வாய்க்கிழமை ஒரு கம்பெனி, வியாழக்கிழமை ஒரு கம்பெனி, வெள்ளிக்கிழமை இன்னொன்று. அம்மாவுக்கு மட்டும் மூன்று கடன் ஓடுகிறது. ஒன்றைக் கட்ட இன்னொன்று. போன மாதம் நான் வீட்டில் இருந்த அன்று காலை ஏழு மணிக்கே வசூல் பையன் வந்து பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். கட்டினால்தான் எழுந்திருப்பேன் என்கிறான். அந்த வீட்டு அத்தை உள்ளே போய்த் தோட்டைக் கழற்றிக்கொண்டு அடகுக்கடைக்குப் போனார். திரும்பி வரும்போது இரண்டு காதிலும் வேப்பங்குச்சி. நான் பார்த்ததைப் பார்த்ததும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அந்த அத்தையே முன்னால் நின்று, "நம்ம குழுவையே மறுபடியும் ஆரம்பிச்சா என்ன? நீ படிச்சவன், யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லு" என்கிறார். பதினான்கு பேர் தயாராக இருக்கிறார்கள். தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், தனியாக இருக்கும் பாட்டிகள் ஐந்து பேர். இவர்களுக்கும் சேர்த்து ஏதாவது செய்ய முடியுமா? முதலில் எதில் கை வைப்பது, கடனா பயிற்சியா?

தருமபுரி அக்கா (சனி, இரவு 10.45)

தம்பி, உங்கள் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். காதில் குச்சி போட்டுக்கொண்டு குழு ஆரம்பிக்கலாம் என்று சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

நான் தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனியாகப் பிரியாத காலம். தமிழ்நாட்டில் அரசு முன்நின்று மகளிர் குழு ஆரம்பித்தது எங்கள் மாவட்டத்தில்தான், 1989-இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அதை நடத்தியது 1983-இல் தொடங்கிய மகளிர் மேம்பாட்டு நிறுவனம். பிறகு சேலம், பழைய தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று போய், 1997-98-இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்க வந்தது. உங்கள் திண்டிவனம் பக்கத்துக்கு எங்களுக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து வந்திருக்கும்.

நான் 1993-இல் சேர்ந்தேன், இரண்டு வருடத்தில் ஊக்குநர். முதல் கூட்டம் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில். ஆளுக்கு வாரம் ஐந்து ரூபாய். அந்த ஐந்து ரூபாயைச் சேர்க்க ஒருத்தி அரிசியை அளக்கும்போது பிடி பிடியாக எடுத்து வைத்துப் பக்கத்து வீட்டுக்கே விற்பாள். பணத்தை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, பெட்டி ஒருத்தி வீட்டில், சாவி இன்னொருத்தி வீட்டில். முதல் ஆறு மாதம் வங்கிக் கடன் என்ற பேச்சே இல்லை. எங்கள் பணத்தில் எங்களுக்குள் கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அப்போது ஊரில் பத்து வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

கடனா பயிற்சியா என்று கேட்டீர்கள். இரண்டும் அப்புறம். முதலில் உட்காருங்கள். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம். வாரக் கூட்டம், வாரச் சேமிப்பு, உள்கடன், தவறாமல் திருப்பிக் கட்டுவது, கணக்கைச் சரியாக எழுதுவது என்று ஐந்தையும் பஞ்சசூத்திரம் என்பார்கள். ஐந்தில் முதலாவது நின்றால் மற்ற நான்கும் தானாக நிற்கும். கூட்டத்துக்கு வராமல் பணத்தை மட்டும் பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் பழக்கம் வந்துவிட்டதென்றால் அந்தக் குழுவுக்கு ஆயுசு ஒரு வருடம்.

உங்கள் பழைய குழு ஏன் கலைந்தது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். பேரேடு ஒருவர் கையில். இதில் என் மேலும் தவறு உண்டு. நானும் பல வருடம் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதினேன். வேகமாக முடியும், திருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு டைபாய்டு வந்து ஒன்றரை மாதம் படுத்தபோது ஆறு கூட்டம் நடக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் தீர்மானப் புத்தகம் ஒருத்தி, ரொக்கப் புத்தகம் ஒருத்தி, சேமிப்புக் கடன் பேரேடு ஒருத்தி என்று பிரித்தோம். எழுதத் தெரியாதவர்களின் பெண்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்தோம். ஒவ்வொரு கூட்டமும் முடியும்போது அன்றைய வரவு, செலவு, கையிருப்பை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து சத்தமாகப் படிப்பாள். கைநாட்டு வைக்கும் கிழவிக்கும் கணக்கு காதில் விழும். ஊக்குநரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நல்ல ஊக்குநராக இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள்.

கிளை மேலாளர் ஓய்வு (ஞாயிறு, காலை 7.30)

அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனாக நான் கொஞ்சம் சேர்க்கிறேன். இருபத்தாறு வருடம் கிராமக் கிளைகளில் இருந்தேன்.

விவசாய, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று சோதனையாகத் தொடங்கியது. சொத்து இல்லாத, பட்டா இல்லாத பெண்களுக்குக் கடனா என்று எங்கள் ஆட்களே முகம் சுளித்தார்கள். குழுக் கடன்தான் ஒழுங்காகத் திரும்பி வந்தது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

தம்பி, முதலில் அந்த வாரக் கடனின் வட்டியைப் புரிந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு 20,000 ரூபாய் கடன், வாரம் 460 வீதம் 50 வாரம். மொத்தம் 23,000 கட்டுகிறார்கள். "மூவாயிரம்தானே வட்டி, பதினைந்து சதவீதம்தான்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. இருபத்தைந்தாவது வாரத்தில் உங்கள் அம்மா கையில் இருப்பது பாதிக் கடன்தான், வட்டி மட்டும் முழுக் கடனுக்கு. குறையும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 29 சதவீதத்தைத் தொடும். மத்திய அரசின் ஊரக வாழ்வாதார இயக்கத்தில் வரும் மகளிர் குழுவுக்கு வங்கியில் 3 லட்சம் வரை 7 சதவீதம். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

அடுத்தது, கிளையில் யாராவது ஜாமீன், சொத்துப் பத்திரம் என்று பேசினால் பயப்பட வேண்டாம். 10 லட்சம் வரையிலான குழுக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. குழுவின் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்க விடாமல் பிடித்து வைக்கவும் கூடாது. பல இடங்களில் பிடித்து வைக்கிறார்கள். பெண்கள் கேட்பதில்லை, தெரியாததால். தீர்மானம் போட்டு, அதன் நகலோடு நான்கு பேராகப் போய்க் கேளுங்கள்.

ஆறு மாதம் கூட்டம் தவறாமல் நடந்திருக்க வேண்டும். நான் குழுவைப் பார்க்கப் போனால் பேரேட்டை முதலில் திறக்க மாட்டேன். கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம், "உங்க சேமிப்பு இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பேன். பாஸ் புத்தகத்தைப் பார்க்காமல் சரியாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கே கடன் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்துவிடுவேன்.

ஓங்கூர்க்கரை (ஞாயிறு, காலை 11.20)

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவிடம் இரண்டு பதிவையும் வாசித்துக் காட்டினேன். ஐம்பது வாரக் கணக்கைக் கேட்டுவிட்டு எழுந்து போய் மூன்று கடன் அட்டைகளையும் எடுத்து வந்தார். ஒன்றில் வாரம் 575, ஒன்றில் 460, ஒன்றில் 640. கூட்டிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மாதம் ஆறாயிரத்து எழுநூறுக்கு மேல் போகிறது. அம்மாவின் களைவெட்டுக் கூலி முழுக்க அதற்குத்தான்.

இந்தக் கடன் இருக்கும்போது வாரம் ஐம்பது ரூபாய்கூடச் சேமிக்க முடியுமா என்பதுதான் தெருவில் எல்லோரும் கேட்கும் கேள்வி.

நூறு நாள் (ஞாயிறு, பகல் 2.05)

எல்லோரும் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. சொந்தக் காலில் நிற்பது, சுயசார்பு என்று பேசிப் பேசி, ஏழைப் பெண்ணின் தலையிலேயே எல்லாப் பொறுப்பையும் ஏற்றிவிடுகிறோம். கூலி குறைவு, ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக் கட்டணம், சாராயம். இது எதையும் அவள் உண்டாக்கவில்லை. அவளைத்தான் சேமி, கடன் வாங்கு, தொழில் செய் என்கிறோம்.

நான் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். நூறு நாள் வேலைச் சட்டம் 2005-இல் வந்தபோது எங்கள் பகுதியில் என்ன நடந்தது தெரியுமா? பெண்களுக்குக் களைவெட்டுக் கூலி ஏறியது. அதுவரை கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர்கள், "இல்லன்னா ஏரி வேலைக்குப் போறேன்" என்று சொல்ல முடிந்தது. ஒரு பைசா கடன் இல்லாமல், ஒரு பயிற்சி இல்லாமல் அவர்கள் நிமிர்ந்தார்கள். ரேஷன் அரிசி இல்லாவிட்டால் அந்த ஐம்பது ரூபாய்ச் சேமிப்பும் கிடையாது. 2023 செப்டம்பரிலிருந்து வரும் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத்தான் பல வீட்டில் வாரக் கடனுக்குக் கட்டுகிறார்கள்.

ஆந்திராவில் 2010-இல் என்ன ஆனது? குறுங்கடன் கம்பெனிகளின் நெருக்கடியில் தற்கொலைகள் என்று ஊரெல்லாம் பேச்சாகி, அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. அங்கேயும் முதலில் குழுவாகச் சேர்த்ததுதான், அந்தக் குழுவின் முதுகில் கடன் ஏறியது. தரை இல்லாதவளை ஏணியில் ஏறச் சொல்லாதீர்கள்.

தருமபுரி அக்கா (ஞாயிறு, மாலை 6.15)

தோழர், நீங்கள் கோபமாக எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை, நியாயமான கோபம். ரேஷனும் முதியோர் பணமும் இல்லாமல் குழு மட்டும் எதையும் சாதித்துவிடாது. நான் பார்த்ததில் குழுவை விட்டு விலகியவர்களில் பெரும்பாலோர் நோயால் விலகியவர்கள். புருஷனுக்குக் கிட்னி, பிள்ளைக்கு விபத்து. தொழிலில் நஷ்டம் என்று விலகியவர்கள் ரொம்பக் குறைவு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நூறு நாள் வேலையில் சம்பளம் பாக்கி என்று எங்கள் ஊரில் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு முதலில் போனது யார்? குழுப் பெண்கள். ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று தராசைப் பிடித்து நிறுத்தியது யார்? அதே பெண்கள். பத்து வருடம் வாரா வாரம் உட்கார்ந்து பேசிய பழக்கம்தான் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. நீங்கள் சொல்லும் தரையை அரசு போட வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. போட்ட தரையைப் பெயர்த்துக்கொண்டு போகாமல் காவல் காக்க ஆள் வேண்டாமா?

கடன் கொடுக்கத்தான் குழு என்று ஆகிப்போனதுதான் நோய். எங்கள் வட்டாரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கடைசியில் கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் கடையாகவே மாறிவிட்டது. பெயர் சொல்ல விருப்பமில்லை. பதினைந்து வருடம் நாங்கள் கட்டிய நம்பிக்கையை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

நூறு நாள் (ஞாயிறு, இரவு 8.30)

அக்கா, காவல் என்று நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் சங்கத்திலும் துணிந்து பேசும் பெண்களில் பெரும்பாலோர் குழுவில் இருந்து வந்தவர்கள்தான், யோசித்துப் பார்த்தால். கடனைப் பற்றிய என் பயம் மட்டும் மாறவில்லை.

நாமக்கல் தையல்காரி (திங்கள், இரவு 10.20)

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அண்ணா. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஒன்றரை வருடம் வீட்டில் சும்மா இருந்தவள். பக்கத்து மில்லுக்குப் போகலாமா என்று இருந்தபோது குழுவில் இருந்த பெரியம்மாதான் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது, வங்கிகள் நடத்துகின்றன. கர்நாடகாவில் உஜிரே என்ற ஊரில் 1982-இல் தொடங்கியதைப் பார்த்துத்தான் நாடு முழுக்க வந்தது என்று முதல் நாள் வகுப்பில் சொன்னார்கள். நான் சேர்ந்தபோது 18 வயதிலிருந்து 45 வரை எடுத்தார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காசு இல்லை. ஆடு வளர்ப்பு, செல்போன் பழுது, அழகுக்கலை, தையல் என்று நிறைய உண்டு. எனக்குத் தையல், முப்பது நாள்.

முப்பது நாளில் என்ன வரும் என்று கேட்டால், உண்மையில் பாதிதான் வரும். மிஷின் பயம் போகும், சுடிதார் வரும். ரவிக்கையில் கைக்குழி வளைவு மட்டும் வரவே வராது. அளவு ரவிக்கையை விரித்துப் போட்டு எத்தனை தடவை வரைந்தாலும் தைத்து முடித்ததும் தோளில் சுருக்கம் விழும். முதல் மூன்று மாதத்தில் நான் கெடுத்த துணிக்கு என் கைக்காசிலிருந்து கொடுத்திருக்கிறேன். விட்டுவிடலாம் என்று இருந்தேன். அப்போதுதான் பயிற்சி கொடுத்த மேடம் போன் செய்தார். பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு வருடம் விசாரிக்க வேண்டும் என்பது அங்கே முறை. நான் அழுததைக் கேட்டுவிட்டு, "துணியை எடுத்துக்கிட்டு சனிக்கிழமை வா" என்றார். போனேன். அவர் என் கத்தரிக்கோலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீ வரைந்த கோட்டுக்கு உள்ளே வெட்டுற, கோட்டு மேலயே வெட்டு" என்றார். ஒரு அரை சென்டிமீட்டர் அண்ணா. அதுதான் அத்தனை நாள் என்னைக் கொன்றது.

இப்போது வீட்டு வாசலிலேயே கடை. லைனிங் வைத்த பிளவுஸ் வாரம் பதினைந்து வரும், முகூர்த்த மாதம் என்றால் முப்பது தாண்டும். எங்கள் வகுப்பில் இருந்தவர்களில் எனக்குத் தெரிந்து மூன்றில் ஒரு பங்குதான் இன்றும் தைக்கிறார்கள். மற்றவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. சிலருக்குக் கல்யாணம் ஆனது, சிலர் வீட்டில் மிஷின் வாங்கித் தரவில்லை, சிலருக்கு அந்தப் போன் வந்த நேரத்தில் எடுக்க ஆள் இல்லை. அதனால் உங்கள் தெருப் பிள்ளைகளைத் தனித்தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேராவது ஒரே பயிற்சிக்குப் போகட்டும். திரும்பி வந்ததும் முதல் மிஷினுக்குக் குழுவில் கடன் கொடுங்கள். பையன்களுக்கும் இதே இடம்தான், மில்லுக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடலோரம் (செவ்வாய், காலை 6.40)

பாட்டிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

கடலூர் பக்கம் மீனவ ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். படகு கொடுத்தார்கள், வலை கொடுத்தார்கள், எல்லாம் உழைக்கிற வயதுக்காரர்களுக்கு. மகனையும் மருமகளையும் கடல் கொண்டுபோய்ப் பேரப்பிள்ளைகளோடு நின்ற கிழவிகளை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. அப்போது கடலூர், நாகப்பட்டினம் கரையில் ஹெல்ப்ஏஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் முதியோருக்கென்றே சுய உதவிக் குழுக்கள் அமைத்தது. எங்கள் பாட்டி அப்படி ஒரு குழுவில் இருந்தார்.

கிழவிக்கு என்ன கடன், என்ன தொழில் என்று எங்கள் வீட்டிலேயே சொன்னோம். பாட்டி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினார். விடியற்காலை கரைக்குப் போய்ப் பொடிமீன் எடுத்து, மணலில் சாக்கு விரித்துக் காயவைத்துக் கருவாடாக்கி, சனிக்கிழமைச் சந்தையில் விற்பார். ஏழு மாதத்தில் கடனை அடைத்தார். அவருக்கு அதில் கிடைத்தது பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். வெற்றிலைக்கும் மருந்துக்கும் என் அப்பாவிடம் கை நீட்டுவது நின்றது. அப்பா பாட்டியிடம் பேசும் குரலே மாறியது. நான் சின்னப் பையன், ஆனாலும் அது எனக்குத் தெரிந்தது.

உங்கள் ஐந்து பாட்டிகளுக்கும் முதலில் முதியோர் ஓய்வூதியம் வருகிறதா என்று பாருங்கள், இப்போது மாதம் 1,200. வராதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதே குழுவின் முதல் வேலையாக இருக்கட்டும். அப்புறம், அவர்களைத் தனிக் குழுவாக வைப்பதா, பெண்கள் குழுவிலேயே சேர்ப்பதா என்று அவர்களிடமே கேளுங்கள். எங்கள் பாட்டி, "மருமகளுங்க கூட உட்கார்ந்தா வாய் திறக்க முடியாது" என்றார்.

பாலக்காட்டுத் தமிழ் (செவ்வாய், பகல் 1.15)

இங்கே கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் குழுத் திட்டத்தில் என் மனைவி இருக்கிறார். பத்திலிருந்து இருபது வீடு சேர்ந்து ஒரு அயல்கூட்டம், வார்டு அளவில் ஒரு அமைப்பு, பஞ்சாயத்து அளவில் ஒரு அமைப்பு. மேலே உள்ள பொறுப்புகளுக்குத் தேர்தல் உண்டு, அதனால் ஒருவரே உட்கார்ந்துகொள்ள முடியாது. பிள்ளைகளுக்குப் பாலசபை, முதியோருக்குத் தனி அயல்கூட்டம். கொஞ்சம் பெண்கள் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி, வாழை வைக்கிறார்கள், என் மனைவியும் ஐந்து பேரோடு சேர்ந்து நேந்திரன் வைத்திருக்கிறார். உங்கள் ஊரில் தரிசு கிடந்தால் யோசித்துப் பாருங்கள்.

காலைப் பொங்கல் (புதன், இரவு 8.50)

நான் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்தார்களே, அது அடுத்த வருடம் ஆகஸ்டில் எல்லா ஊருக்கும் வந்தபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்களைத்தான் சமைக்க எடுத்தார்கள். குழு இருந்தால்தான் இந்த மாதிரி வேலை ஊருக்குள் வரும்போது கை நீட்ட முடியும், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விடியற்காலை ஐந்தரைக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். புதன்கிழமை பொங்கல், சாம்பாரில் காய் போட்டே ஆக வேண்டும். எட்டேகாலுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும். முன்பெல்லாம் திங்கட்கிழமை காலை பிரேயரில் யாராவது ஒரு பிள்ளை மயங்கி விழும் என்று டீச்சர் சொல்வார். களைவெட்டப் போகும் அம்மா ஆறு மணிக்கே கிளம்பிவிட்டால் பிள்ளைக்குச் சாப்பாடு ஏது? இப்போது அப்படி இல்லை. அந்த அம்மாவும் நிம்மதியாக வேலைக்குப் போகிறாள். எனக்குச் சம்பளம் குறைவுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன், அப்புறம் மாடு பார்க்கலாம்.

கிளை மேலாளர் ஓய்வு (வியாழன், காலை 9.00)

தம்பி கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கடன் ஓடும்போது எப்படிச் சேமிப்பது என்று.

இருபது ரூபாயில் தொடங்குங்கள். பதினான்கு பேர், வாரம் 20 ரூபாய், ஆறு மாதத்தில் ஏழாயிரம் ரூபாய் தாண்டும். அது சின்னத் தொகைதான். ஆனால் ஒருத்திக்கு வியாழக்கிழமை 460 இல்லை என்றால் நான்காவது கம்பெனிக்குப் போகாமல் இருக்க அது போதும். முதல் வருடம் குழுவின் வேலை அது ஒன்றுதான், புதிதாக ஒரு வாரக் கடன் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்வது.

பழைய கடன்களில் சீக்கிரம் முடியப் போவதை முதலில் முடியுங்கள். முடிந்ததும் அந்தத் தவணைப் பணம் அப்படியே அடுத்த கடனுக்குப் போகட்டும். குறுங்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது என்று 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகும்படி புதுக் கடன் கொடுக்கவும் கூடாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. பணம் கட்டுவதற்கென்று பேசி வைத்த இடத்துக்கு இரண்டு தடவை தொடர்ந்து வராமல் போனால்தான் வீட்டுக்கே வரலாம். ஏழு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்த அந்தப் பையனிடம் இதைச் சொல்லுங்கள், அதட்டாமல் சொல்லுங்கள். அவனும் டார்கெட்டுக்கு ஓடும் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைதான். வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது, மீறினால் சிறை உண்டு என்பதை அவன் மேலதிகாரிக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நாளைக்கு வங்கிக் கடன் கிடைத்ததும் பதினான்கு பேரும் மொத்தமாக வாரக் கடனை அடைத்துவிட்டு, மறுபடி அதே கம்பெனியில் போய் நிற்பதை நான் பல ஊரில் பார்த்துவிட்டேன். அட்டையைக் குழுவில் கொண்டுவந்து ஒப்படைத்த பிறகே கடன் என்று தீர்மானம் போடுங்கள்.

தருமபுரி அக்கா (வியாழன், மாலை 5.30)

இதோடு இன்னொன்று. யார் ரொம்பக் கஷ்டத்தில் இருப்பவர் என்பதை நீங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். 2005-க்குப் பிறகு புது வாழ்வுத் திட்டம் என்ற அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்தில் நாங்கள் மக்கள் நிலை ஆய்வு என்று ஒன்று செய்தோம். கோலமாவில் தெருவை அப்படியே தரையில் வரைவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கல். ரொம்ப ஏழை வீடு எது என்று ஊரே நின்று சொல்லும். எங்கள் ஊரில் கோலத்துக்கு வெளியே, வரையாமல் விட்ட ஒரு மூலையில், காது கேட்காத ஒரு அம்மா தனியாக இருந்தார். ஒரு சின்னப் பெண்தான் கோட்டை அதுவரைக்கும் நீட்டி ஒரு கல் வைத்தாள். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு மூலை இருக்கும், பாருங்கள்.

ஓங்கூர்க்கரை (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் ஒரு செய்தி சொல்ல வந்தேன். குழு தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி, பிள்ளையார் கோயில் பக்கத்துச் சிமெண்ட் களத்தில். இன்று மூன்றாவது கூட்டம்.

முதல் வாரம் பதினான்கு பேர் என்று சொல்லிப் பதினொரு பேர்தான் வந்தார்கள். இரண்டாவது வாரம் பதிமூன்று. வாரம் இருபது ரூபாய் என்று தீர்மானம். ரொக்கப் புத்தகம் அத்தையிடம், பேரேடு வேறு ஒரு அக்காவிடம், தீர்மானப் புத்தகம் அம்மாவிடம். பேரேடு எழுதும் அக்காவின் மகள் ஒன்பதாம் வகுப்பு, அவள்தான் கடைசியில் வாசித்தாள். "இன்றைய வரவு இருநூற்று அறுபது, கையிருப்பு எழுநூற்று நாற்பது" என்று. தாமதமாக வந்தவர்களும் அந்த நேரத்துக்குப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

கோலமாவு வரைபடம் போட்டோம் அக்கா. நீங்கள் சொன்னது போலவே ஒரு மூலை இருந்தது. புளியந்தோப்புக்கு அந்தப் பக்கம், ஒரு தாத்தாவும் மனநிலை சரியில்லாத அவர் மகளும். நான் பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருக்கிறேன், அந்த வீட்டுக்குள் ஒருநாளும் போனதில்லை. இன்று போனேன். தாத்தாவுக்கு முதியோர் பணம் வருவதில்லை, ஆதாரில் வயது தவறாகப் பதிவாகி இருக்கிறது. திங்கட்கிழமை லீவு போட்டு இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போகிறேன். மகளுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு என்னென்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

இரண்டு பிள்ளைகள் விழுப்புரத்தில் செல்போன் பழுது பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஒரே வகுப்பில்தான். அம்மாவின் 460 ரூபாய்க் கடனில் இன்னும் ஒன்பது தவணை பாக்கி.

கடலோரம் (ஞாயிறு, இரவு 10.05)

தம்பி, அந்த அட்டைக்கு ஆதார் நகல், போட்டோ, மருத்துவர் சான்று வேண்டும். மனநல மருத்துவர் பார்த்துச் சதவீதம் எழுத வேண்டும், அதற்கு மாவட்ட அரசு மருத்துவமனையில் எந்த நாள் முகாம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தாத்தாவால் தனியாக அழைத்துப் போக முடியாது. குழுவில் இருந்து இரண்டு பெண்கள் கூடப் போகட்டும், அந்தப் பிள்ளை பயப்படாமல் இருக்கும்.